புல்தரையில் ஒரு பகுதியைக் காட்டுப்பூக்களுக்கு விடுங்கள்: சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குடியிருப்போர் நலச் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். என் வீட்டு முன்புறத்தில் முழங்கால் உயரத்துக்குச் செடிகள் மண்டிக் கிடக்கின்றன, பார்வைக்கு நன்றாக இல்லை, உடனே வெட்டிச் சுத்தம் செய்யாவிட்டால் சங்கமே ஆள் வைத்து வெட்டிவிட்டு அந்தச் செலவை என் கணக்கில் சேர்க்கும் என்று உங்கள் அறிவிப்பு வந்தது. இதே அறிவிப்பு இன்னும் சில வீடுகளுக்கும் போயிருக்கிறது. அலுவலகத்துக்கு நேரில் வந்து பேசியிருக்கலாம்தான். ஆனால் இது என் ஒரு வீட்டு வாசலோடு முடிகிற விஷயம் இல்லை, நம் வளாகத்தில் இருக்கும் அத்தனை புல்தரையையும் பற்றியது, அதனால் எல்லோரும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். எனக்கு இரண்டு கோரிக்கைகள் இருக்கின்றன. வீட்டு முன்புறச் செடிகளை உயரத்தை வைத்து அளக்கும் விதியை எடுத்துவிடுங்கள். பராமரிக்கிறார்களா இல்லையா என்பதை மட்டும் பாருங்கள். அடுத்து, பொதுப் புல்தரையில் யாருமே கால் வைக்காத பகுதியை ஒரு முழு வருடத்துக்குக் காட்டுப்பூக்களுக்காக விட்டுக்கொடுங்கள். மழை, வெயில் எல்லாம் ஒரு சுற்று வந்து போகட்டும். அதற்குப் பிறகு பார்த்து முடிவு செய்யலாம்.

பிள்ளைகள் பந்து விளையாடும் இடத்தை நான் கேட்கவில்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாலையில் பெரியவர்கள் உட்காரும் இடத்தையும் கேட்கவில்லை. அங்கெல்லாம் புல்தான் சரி. மிதிபட்டாலும் மறுபடி தழைக்கிற செடி அதைப் போல வேறு இல்லை. நான் சொல்வது காம்பவுண்ட் சுவரை ஒட்டி ஓடும் நீளப் பட்டை, வாகனம் நிறுத்தும் இடத்துக்கு நடுவில் இருக்கும் தீவு மாதிரியான துண்டுகள், நுழைவாயிலுக்கு இரண்டு பக்கமும் அழகுக்காகப் போட்ட சரிவு. இவற்றில் புல் வெட்டும் அண்ணனைத் தவிர வேறு யாருடைய காலும் படுவதில்லை.

இப்படிப் பிரித்துப் பார்ப்பது என் சொந்தக் கற்பனை இல்லை. அமெரிக்காவின் நெவாடா மாநிலம் 2021-ல் ஒரு சட்டம் போட்டது. லாஸ் வேகாஸ் பகுதியில், பயன்பாடு இல்லாத அலங்காரப் புல்லுக்குக் கொலராடோ ஆற்றுத் தண்ணீரைப் பாய்ச்சுவதை 2026 முடிவதற்குள் நிறுத்த வேண்டும் என்பதுதான் அது. சாலை நடுவில், அலுவலக வாசலில், குடியிருப்புகளின் பொது இடத்தில் இருக்கும் புல் எல்லாம் அதில் அடங்கும். விளையாட்டு மைதானங்களையும் தனி வீடுகளின் புல்தரையையும் அந்தச் சட்டம் தொடவில்லை. பாலைவனத்து ஊர், தண்ணீருக்குத் தவிக்கிற ஊர், அதனால் அவர்களுக்கு அந்தக் கணக்கு சீக்கிரம் உறைத்துவிட்டது.

கணக்கை நாமும் போட்டுப் பார்ப்போம். வெயில் காலத்தில் ஒரு புல்தரை பச்சையாகவே இருக்க வேண்டும் என்றால் வாரத்துக்குச் சுமார் 25 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு லிட்டர். அப்படியானால் சதுர மீட்டருக்கு வாரம் 25 லிட்டர், 100 சதுர மீட்டருக்கு 2,500 லிட்டர். மழை பெய்யாத ஒவ்வொரு வாரமும் இவ்வளவு. இதில் தெளிப்பானிலிருந்து காற்றில் பறந்து போவதும், மதிய வெயிலில் ஆவியாவதும், நடைபாதையில் வழிந்து ஓடுவதும் சேரவில்லை. நம் தெளிப்பான்கள் பாதி நேரம் சிமெண்ட் தரையைத்தான் நனைக்கின்றன, நீங்களும் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவின் மொத்தப் புல்தரையும் எவ்வளவு என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கிட்ட ஓர் ஆய்வு 2005-ல் வெளிவந்தது. கிட்டத்தட்ட 1,60,000 சதுர கிலோமீட்டர் என்று வந்தது. அந்த நாட்டில் பாசனம் செய்து வளர்க்கும் எந்த ஒரு பயிரும் அவ்வளவு பரப்பில் இல்லை. யாரும் சாப்பிடாத, மாடும் மேயாத ஒரு பயிருக்கு அவ்வளவு தண்ணீர்.

தண்ணீரோடு முடிந்தாலும் பரவாயில்லை. வெட்டுவதற்கு எரிபொருள், பச்சை மங்கினால் யூரியா, யூரியா போட்டதால் இன்னும் வேகமாக வளர்வதை வெட்ட மறுபடி எரிபொருள், நடுவில் ஒரு பூண்டு தலை தூக்கினால் களைக்கொல்லி. நாமே ஊட்டி வளர்த்து நாமே வெட்டித் தள்ளுகிறோம்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது. அடிக்கடி தூறல் விழும் குளிர்ந்த நாட்டில், பெரிய மாளிகைகளின் முன்னால், ஆடுகள் மேய்ந்தோ ஆட்கள் அரிவாளால் அறுத்தோ வைத்திருந்த புல்வெளிதான் இதற்கு மூலம். 1830-ல் எட்வின் பட்டிங் என்ற ஆங்கிலேயர் புல் வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். துணி ஆலையில் கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைச் சீவி எடுக்கும் இயந்திரத்தைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. அதற்கு அப்புறம் மாளிகை இல்லாதவர்களும் புல்தரை வைக்க முடிந்தது. மண்ணும் மழையும் வெயிலும் முற்றிலும் வேறாக உள்ள இடங்களுக்கும் அதே மாதிரி போய்ச் சேர்ந்தது. வேறு எதையும் யாரும் யோசித்துப் பார்க்காததால்தான் அது நம் வாசலிலும் இருக்கிறது.

சரி, என் முன்புறத்தில் என்னதான் இருக்கிறது என்று கேட்பீர்கள். தும்பை இருக்கிறது, கிலுகிலுப்பை இருக்கிறது, கொழிஞ்சி, துத்தி, ஓரத்தில் ஓர் ஆவாரை, சுவரோரம் ஓர் எருக்கு. வெட்டுக்காயப் பூண்டு தானாக வந்தது, அது வெளிநாட்டுச் செடிதான், ஆனால் வருடம் முழுக்கப் பூத்துச் சின்ன வண்ணத்துப்பூச்சிகளுக்குத் தேன் கொடுப்பதால் அளவாக விட்டுவைத்திருக்கிறேன். இவற்றில் எதற்கும் வேர் பிடித்த பிறகு நான் தண்ணீர் ஊற்றுவதில்லை. உரம் போடுவதே இல்லை.

மாலை வெளிச்சம் மங்கும் நேரத்தில் அந்தச் செடிகளுக்கு நடுவே இருக்கும் காய்ந்த தண்டுகளை உற்றுப் பாருங்கள், உங்கள் அறிவிப்பில் குப்பை என்று குறிப்பிட்டிருக்கிறீர்களே, அதே தண்டுகள்தான். வயிற்றில் நீலப் பட்டை பட்டையாக மின்னும் சின்னத் தேனீக்கள் வரிசையாகத் தண்டைத் தாடையால் கடித்துப் பிடித்துக்கொண்டு தூங்குவதைப் பார்க்கலாம். காலால் பிடிப்பதில்லை, வாயால்தான் பிடிக்கின்றன. அவை ஆண் தேனீக்கள். பெண் தேனீ மண்ணில் தனியாக வளை தோண்டி அதில் முட்டை வைக்கும். கூட்டுக்கு ராணி கிடையாது, அடை கிடையாது, காக்க வேண்டிய தேன் கிடையாது, அதனால் நம்மைத் துரத்திக் கொட்டும் அவசியமும் அதற்கு இல்லை. உலகில் இருக்கும் சுமார் 20,000 வகைத் தேனீக்களில் பெரும்பாலானவை இப்படித் தனியாக வாழ்பவைதான், அவற்றிலும் பெரும்பகுதி மண்ணுக்குள் கூடு வைப்பவை. நாம் தேனீ என்றதும் நினைப்பது அந்த 20,000-த்தில் ஒரு கைப்பிடி வகைகளை மட்டும்.

இந்த நீலப் பட்டைத் தேனீக்கு ஒரு வித்தை தெரியும். தக்காளி, கத்தரிப் பூக்களில் மகரந்தம் ஒரு குழாய்க்குள் அடைந்து கிடக்கும், நுனியில் இருக்கும் சிறு துளை வழியாகத்தான் வெளியே வர முடியும். இந்தத் தேனீ பூவைப் பற்றிக்கொண்டு இறகுத் தசைகளை அதிர வைக்கும், அந்த அதிர்வில் மகரந்தம் பொலபொலவென்று கொட்டும். வளர்ப்புத் தேனீக்களால் இதைச் செய்ய முடியாது. மொட்டை மாடியில் தக்காளித் தொட்டி வைத்திருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பூக்கிறது, காய் பிடிக்க மாட்டேன் என்கிறது என்று குறைப்படுகிறார்கள். அதற்கு வேறு காரணங்களும் உண்டு, கடும் வெயிலில் தக்காளிப் பூ உதிரத்தான் செய்யும். ஆனால் மாடிக்கு வரும் தேனீ கீழே எங்காவது தூங்க வேண்டும், எங்காவது மண்ணைத் தோண்ட வேண்டும், தக்காளி பூக்காத மாதங்களில் எதையாவது குடிக்க வேண்டும் அல்லவா? அடர்த்தியாகப் பின்னிக் கிடக்கும் புல்தரையில் அதற்கு நுழைய மண் இல்லை. புல்லும் பூக்கும் முன்பே வெட்டப்படுகிறது. அது பூத்தாலும் காற்றில் மகரந்தம் பரப்பும் செடி, தேன் கிடையாது.

அந்த எருக்கஞ்செடியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அறிவிப்பில் அதைத்தான் முதலில் பிடுங்கச் சொல்லியிருக்கிறீர்கள். வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியை எல்லோரும் பார்த்திருப்போம், செம்மஞ்சள் இறகு, நுனியில் கறுப்பும் அதில் வெள்ளைப் பட்டையும். அது தேன் குடிக்க எந்தப் பூவுக்கும் போகும், ஆனால் முட்டையிட எருக்கு, அதன் குடும்பத்தைச் சேர்ந்த பாலுள்ள செடிகள் என்று சிலவற்றைத்தான் தேடும். இலைக்கு அடியில் ஒவ்வொன்றாக முட்டை வைக்கும். வரும் புழுவுக்குக் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் என்று குறுக்கே வளையங்கள், முதுகில் மூன்று ஜோடிக் கறுப்புக் கொம்புகள். எருக்கம்பாலில் இருக்கும் நஞ்சை அது உடம்பில் சேர்த்துக்கொள்வதால் ஒரு முறை கொத்திப் பார்த்த பறவை மறுமுறை கிட்ட வராது. எருக்கை எடுத்துவிட்டு நர்சரியிலிருந்து அடுக்கடுக்காகப் பூக்கும் ஒட்டுச் செடிகளை வாங்கி வைத்தால் நமக்குப் பார்க்க அழகு, வெந்தய வரியனுக்கு அங்கே பிள்ளை வளர்க்க வழி இல்லை. இப்படி ஒவ்வொரு வண்ணத்துப்பூச்சிக்கும் ஒரு செடிக் கணக்கு இருக்கிறது. ஆவாரையையும் கொன்றையையும் தேடி வருபவை தனி. கிலுகிலுப்பைக்கு வேறொரு வேலை. அது காய்ந்து வாடும்போது வெந்தய வரியனும் அதன் இனத்து மற்ற வரியன்களுமாக ஆண் பூச்சிகள் கூட்டமாக வந்து அதன் சாற்றை உறிஞ்சும், இணையைக் கவரும் மணத்தை உடம்பில் உண்டாக்க அவற்றுக்கு அந்தச் சாறு வேண்டும். காய்ந்துவிட்டதே என்று நாம் பிடுங்கும் நேரம்தான் அவற்றுக்கு அந்தச் செடி அதிகம் தேவைப்படுகிற நேரம்.

உலகம் முழுக்க இந்தப் பூச்சிகள் குறைந்துகொண்டு வருகின்றன. ஜெர்மனியில் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளில் வலை வைத்துப் பிடித்து எடை போட்டு வந்தவர்கள், 27 ஆண்டுகளில் பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை 75 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டதாக 2017-ல் அறிவித்தார்கள். பாதுகாக்கப்பட்ட இடத்திலேயே இந்த நிலை. பிரிட்டனில் 1930-களுக்குப் பிறகு காட்டுப்பூ வெளிகளில் 97 சதவீதம் அழிந்துபோயின.

ஆனால் திருப்பிக் கொண்டுவர முடியும் என்பதற்கும் உதாரணம் அதே நாட்டில்தான் இருக்கிறது. கேம்பிரிட்ஜில் இருக்கும் கிங்ஸ் கல்லூரியின் பின்புறப் புல்தரை 1772-லிருந்து ஒட்ட வெட்டி வைக்கப்பட்டது, படத்தில் பார்த்திருப்பீர்கள், தேவாலயத்துக்கு முன்னால் பச்சைக் கம்பளம் மாதிரி விரிந்து கிடக்கும். அதில் ஒரு பகுதியை எடுத்துக் காட்டுப்பூ விதைத்தார்கள். மீதியை வெட்டிய புல்லாகவே வைத்துக்கொண்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒப்பிட்டு 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். பூவெளியில் செடி, சிலந்தி, பூச்சி வகைகள் மூன்று மடங்குக்கும் மேல் இருந்தன. அதன் மேல் பறந்த வௌவால்களின் நடமாட்டமும் மூன்று மடங்கு. 250 வருடப் பழக்கத்தை அவ்வளவு பெயர் பெற்ற இடத்திலேயே மாற்ற முடிந்திருக்கிறது. நம் காம்பவுண்ட் சுவரோரப் பட்டைக்கு அவ்வளவு வரலாறு கூட இல்லை.

இனி நீங்கள் சொல்லும் ஆட்சேபணைகளுக்கு வருகிறேன். அவை நியாயமானவை, பயம் இருப்பவர்களைக் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை.

முதலில் பாம்பு. வரவே வராது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். மண்ணும் செடியும் உள்ள இடத்தில் பாம்பு வரலாம், வெட்டிய புல்லிலும் இரவில் ஊர்ந்து போகலாம். ஆனால் அது இரை தேடித்தான் வருகிறது, எலிக்கும் தவளைக்கும். நம் வளாகத்தில் எலி எங்கே இருக்கிறது என்றால் மூடி இல்லாத குப்பைத் தொட்டிக்குப் பக்கத்திலும், கட்டட வேலை முடிந்து அள்ளாமல் விட்ட செங்கல் குவியலிலும்தான். அவற்றைச் சரி செய்யாமல் தும்பையை வெட்டுவதால் பயன் இல்லை. பூச்செடிப் பகுதிக்கும் நடைபாதைக்கும் நடுவில் ஒரு மீட்டர் அகலத்துக்குப் புல்லை ஒட்ட வெட்டி வைத்தால் எது கடந்தாலும் கண்ணில் படும். பிள்ளைகள் நடக்கும் வழியில் செடி சாயக் கூடாது. இது போதுமான எச்சரிக்கை.

அடுத்தது கொசு. கொசு பெருக வேண்டும் என்றால் தேங்கிய தண்ணீர் வேண்டும். பகலில் செடி நிழலில் ஒதுங்கும், உண்மைதான், ஆனால் முட்டையும் புழுவும் தண்ணீரில்தான். டெங்குவைப் பரப்பும் கொசு பூந்தொட்டித் தட்டு, வாளி, பழைய டயர் என்று சுத்தமான தண்ணீர் நிற்கும் சின்னச் சின்ன இடங்களில் முட்டை வைக்கிறது. தண்ணீரே பாய்ச்சாத ஒரு நிலத்தைவிட, தினமும் தெளிப்பான் ஓடி மூலையில் குட்டை கட்டும் புல்தரையைப் பற்றித்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

ஒவ்வாமை பற்றி ஓர் அம்மா கூட்டத்தில் கேட்டார், அவர் பேரனுக்கு மூச்சுத் திணறல் இருக்கிறது. அவருக்கு இதைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். பூச்சிகளை நம்பிப் பூக்கும் செடியின் மகரந்தம் கனமாக, பிசுபிசுப்பாக இருக்கும், காற்றில் அவ்வளவாக மிதக்காது. காற்றை நம்பும் புற்களும் சில மரங்களும்தான் பெரும்பாலான தொந்தரவுக்குக் காரணம். ஆனால் பார்த்தீனியம் என்று ஒன்று இருக்கிறது, கேரட் இலை மாதிரி இலை, உச்சியில் கொத்தாகச் சின்ன வெள்ளைப் பூ. அது தோலில் அரிப்பையும் மூச்சுத் தொல்லையையும் உண்மையிலேயே உண்டாக்கும், ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். அதை எங்கே பார்த்தாலும் பூக்கும் முன் கையுறை போட்டு வேரோடு பிடுங்க வேண்டும், இதில் விட்டுக்கொடுப்பதற்கு இடமே இல்லை. உண்ணிச்செடியையும் நான் வைக்க மாட்டேன். வண்ணத்துப்பூச்சி மொய்க்கும், நிறம் கண்ணைப் பறிக்கும், ஆனால் அது பரவிய இடத்தில் வேறு எதையும் வாழ விடாது. தானாக முளைத்ததெல்லாம் இருக்கட்டும் என்று நான் சொல்லவே இல்லை.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சரி, வெட்டாமல் விடுகிறோம் என்று நீங்கள் ஒப்புக்கொண்டு அதோடு நிறுத்திவிட்டால் சில மாதத்தில் கோரையும் பார்த்தீனியமும்தான் மிஞ்சும், அப்புறம் காட்டுப்பூத் திட்டம் தோற்றுவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். பிரிட்டனில் 2019-லிருந்து மே மாதம் முழுக்கப் புல் வெட்டாமல் விடும் இயக்கம் ஒன்று நடக்கிறது. நல்ல தொடக்கம்தான், ஆனால் மே முடிந்ததும் எல்லாவற்றையும் ஒட்ட வெட்டினால் வந்து சேர்ந்த பூச்சி எங்கே போகும்? ஊருக்கு ஊர் பூக்கும் பருவமும் வேறு. காட்டுப்பூ வளர்ப்பதும் தோட்ட வேலைதான், வேலை வேறு மாதிரி இருக்கும், குறைவாக இருக்கும், ஆனால் இருக்கும்.

முதல் வேலை இருக்கும் புல்லை எடுப்பது. நம் வளாகத்தில் பாதிக்கு மேல் அருகம்புல், மண்ணுக்கு அடியில் முடிச்சு முடிச்சாக ஓடும், ஒரு துண்டு விட்டாலும் மறுபடி தளிர்க்கும். கொத்திப் புரட்டிப் போட்டால் துண்டு துண்டாகி இன்னும் அதிகமாகத்தான் வரும். கடும் வெயில் காலத்தில் புல்லை அடியோடு வெட்டி, மண்ணை நன்றாக நனைத்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளை விரித்து விளிம்பை மண்ணால் மூடிவிட வேண்டும். 4 முதல் 6 வாரம் அப்படியே கிடந்தால் உள்ளே சேரும் சூட்டில் மேல்மண்ணில் உள்ள புல்லும் களை விதைகளும் பெரும்பாலும் வெந்துவிடும். ஆழத்தில் இருக்கும் அருகம் வேர் தப்பித்து வரும், அதைக் கையால் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும், வேறு வழி இல்லை. களைக்கொல்லி வேண்டாம்.

இரண்டாவது விஷயம் கேட்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். உரம் போடக் கூடாது. சத்து நிறைந்த மண்ணில் புல்லும் முரட்டுக் களைகளும் வேகமாக உயர்ந்து நிழல் போட்டுப் பூச்செடியை அமுக்கிவிடும். மண் மெலிந்திருந்தால் புல் தளரும், மெல்லிய பூச்செடிகளுக்கு இடம் கிடைக்கும். குளிர் நாடுகளில் இதற்காகவே மஞ்சள் பூப் பூக்கும் ஓர் அரை ஒட்டுண்ணிச் செடியை விதைக்கிறார்கள், அது புல்லின் வேரிலிருந்து சத்தை உறிஞ்சி அதைத் தளர்த்திவிடும். வெட்டியதை அங்கேயே போடாமல் வாரி எடுத்துவிட வேண்டும் என்பதும் இதனால்தான். விட்டுவைத்தால் அது மக்கி மறுபடி உரமாகும். வாரியதை மரங்களின் அடியில் மூடாக்காகப் போடலாம்.

விதையைக் கடையில் காட்டுப்பூக் கலவை என்று படம் போட்டு விற்கும் பொட்டலத்தில் வாங்க வேண்டாம். அதில் பாதிக்கு மேல் வேறு கண்டத்துச் செடிகளாக இருக்கும், ஒரு பருவம் பளிச்சென்று பூத்துவிட்டுப் போய்விடும், அல்லது போக மறுத்துப் பரவும். சுற்று வட்டாரத்தில் சாலையோரத்தில், காலி மனையில் தானாக வளர்ந்து நிற்பதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விதை சேர்ப்பதுதான் நல்லது, எல்லாவற்றையும் உருவாமல். கொழிஞ்சி, ஆவாரை போன்றவற்றின் விதைத் தோல் கடினம், வெதுவெதுப்பான நீரில் ஓர் இரவு ஊறப்போட வேண்டும். தும்பை விதை பொடி. சதுர மீட்டருக்கு 3 முதல் 5 கிராம் விதை போதும். அதை உலர்ந்த மணலோடு கலந்தால் எங்கே விழுந்தது என்று கண்ணுக்குத் தெரியும். மழைக் காலம் தொடங்கும் நேரத்தில் தூவி, மேலே மண் போட்டு மூடாமல், காலால் மிதித்து அழுத்திவிட வேண்டும். முதல் வருடம் இலைதான் அதிகம் இருக்கும், பார்ப்பவர்களுக்குப் பொறுமை போகும். நான் ஒரு முழு வருடம் கேட்பதற்கு அதுவே காரணம். களை முந்திக்கொண்டு உயர்ந்தால் ஒரு சாண் உயரத்துக்கு வெட்டிவிடலாம், கீழே இருக்கும் நாற்றுகளுக்கு ஒன்றும் ஆகாது. அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ, விதை கொட்டிய பின்பு, பாதிப் பாதியாக வெட்டினால் போதும். மறு பாதியில் பூச்சிகள் ஒதுங்கிக்கொள்ளும்.

பார்வைக்கு அலங்கோலமாக இருக்கும் என்கிறீர்கள். இதை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. ஜோன் நாசாவர் என்ற நிலவமைப்பு ஆய்வாளர் 1990-களிலேயே இதைப் பற்றி ஆராய்ந்து எழுதியிருக்கிறார். மக்களுக்குச் செடி உயரமாக இருப்பது உறுத்துவதில்லை, யாரும் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்ற எண்ணம்தான் உறுத்துகிறது. ஓரத்தில் நேராக வெட்டிய புல்பட்டை, நடுவில் ஒரு நடைவழி, தாழ்வான வேலி, ஒரு சின்னப் பலகை, ஓர் இருக்கை, இவை இருந்தால் அதே செடிக்கூட்டம் தோட்டமாகத் தெரிகிறது. என் வீட்டு முன்புறத்துக்கும் ஓரம் கட்டி, நடைபாதையிலிருந்து செடியைத் தள்ளி வைத்து, பெயர்ப் பலகை வைக்கத் தயாராக இருக்கிறேன். விதியில் உயரத்துக்குப் பதிலாக இதை எழுதுங்கள்: ஓரம் தெளிவாக இருக்க வேண்டும், பாதையை மறைக்கக் கூடாது, பார்த்தீனியம் இருக்கக் கூடாது.

இப்படி விதியை மாற்றியவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் மேரிலாந்தில் ஒரு தம்பதி புல்லை எடுத்துவிட்டு உள்ளூர்ச் செடிகள் வைத்ததற்காக அவர்களுடைய குடியிருப்புச் சங்கம் நெருக்கடி கொடுத்தது, விஷயம் பெரிதாகி 2021-ல் மாநிலமே சட்டம் போட்டது. பூச்சிகளுக்கான தோட்டங்களையும் நீர்ச் சிக்கனத் தோட்டங்களையும் சங்கங்கள் இனி நியாயமில்லாமல் தடுக்க முடியாது. மின்னசோட்டா மாநிலம் புல்தரையைப் பூச்செடியாக மாற்றும் வீட்டுக்காரர்களுக்கு நிதி உதவி தரும் திட்டத்தையே 2019-ல் கொண்டுவந்தது, 2023-ல் பராமரிக்கப்படும் இயற்கைத் தோட்டங்களை நகராட்சிகள் தடை செய்யக் கூடாது என்றும் சட்டம் கொண்டுவந்தது. நமக்குள் அப்படிச் சட்டம் வரை போக வேண்டிய அவசியமே இல்லை, ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து பேசினால் முடிந்துவிடும்.

புல் வெட்டும் அண்ணனைப் பற்றியும் ஒரு வார்த்தை. புல்தரை குறைந்தால் அவர் வேலை போய்விடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவருடைய மாதச் சம்பளத்தில் ஒரு பைசா கூடக் குறையக் கூடாது என்பது என் நிபந்தனை, இதைத் தீர்மானத்திலேயே எழுதுங்கள். மெஷினோடு என் வீட்டு வாசலுக்கு வந்தபோது அவர்தான் தயங்கி நின்று, "இதுல தும்பை பூத்திருக்கே, இதையும் வெட்டணுமா?" என்று கேட்டார். துத்திக்கும் கொழிஞ்சிக்கும் பெயர் சொல்லத் தெரிந்தவர் நம் வளாகத்தில் அவரைப் போல இன்னொருவர் இல்லை. விதை சேர்ப்பது, பார்த்தீனியத்தை முளையிலேயே கண்டுபிடிப்பது, எப்போது வெட்டலாம் என்று முடிவு செய்வது, இதற்கெல்லாம் பொறுப்பாளராக அவரைப் போடுங்கள்.

என் பங்குக்கு நான் செய்யத் தயாராக இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். சுவரோரப் பட்டையில் புல் எடுப்பது, விதைப்பது, வாரம்தோறும் களை பார்ப்பது ஆகியவற்றை நானும் இதில் ஆர்வம் உள்ள மற்ற வீட்டாரும் ஏற்றுக்கொள்கிறோம். தண்ணீர் மீட்டரை இப்போதே குறித்து வைத்துவிட்டு வருடக் கடைசியில் ஒப்பிடுங்கள். பிள்ளைகள் மாதம் ஒரு நாள் என்னென்ன வண்ணத்துப்பூச்சி, தேனீ வந்தது என்று எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும், பக்கத்திலேயே வெட்டிய புல்லில் என்ன வந்தது என்பதையும் சேர்த்து. வருடம் முடிந்து பெரும்பான்மையானவர்கள் வேண்டாம் என்றால் நாங்களே புல்லைத் திரும்பப் போட்டுக்கொடுக்கிறோம்.

அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தின் பொருளில் இதைச் சேர்க்க வேண்டுகிறேன். அதுவரை வீடுகளுக்கு அனுப்பிய அறிவிப்புகளை நிறுத்தி வையுங்கள். முக்கியமாக, எருக்கில் இப்போது புழுக்கள் இருக்கின்றன, அவை கூட்டுப்புழுவாகி வெளியேறும் வரையாவது அந்தச் செடி மேல் யாரும் கை வைக்க வேண்டாம் என்று வேலையாட்களிடம் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
அறிவிப்பு பெற்ற வீட்டுக்காரர்களில் ஒருவர்